குடும்பத்துக்கு ஒரு கடலடி ஸ்கூட்டர்

நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டிலே நாம் வாழ்கின்றோம். எனினும், நம்மவரிற் பெரும்பாலார் கடலைக் கரையில் நின்று காண்பதோடு திருப்தியடைந்துவிடுகின்றனர். முழங்காலளவு நீரில் நின்று அலையோடு விளையாடுவதும், மணலில் வீடு கட்டுவதும், பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்புவதுமே நமது கடற்கரை உல்லாசம். அலைக்கு அடியிலே விரிந்து கிடக்கும் முருகைக்கற் பூங்காவையும், அங்கே வண்ணவண்ணமாய் உலாவும் மீன் கூட்டத்தையும் காணும் பேறு நெடுங்காலமாக முத்துக் குளிப்போர், சங்கு குளிப்போர் முதலிய ஒரு சிலருக்கே வாய்த்து வந்தது.

இக்காலத்தில் அப்பேற்றை எளிதாக்க வந்திருக்கும் சிறு பொறியே கடலடி ஸ்கூட்டர். வீதியில் ஓடும் ஸ்கூட்டரைப் போல இதன்மேல் ஏறி அமர்வதில்லை. இரு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு விசையை அழுத்தினால் பற்றறியின் மின்சாரத்தால் மோட்டார் ஓடும். மோட்டார் விசிறியைச் சுழற்றும். விசிறி நீரைப் பின்னே தள்ளும். பொறி முன்னே பாயும். பற்றியிருப்பவரையும் இழுத்துச் செல்லும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடசாலையிற் படிக்கும் மாணவர்கள் அதனைக் கைகளாலேயே உணர்ந்தறிய இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர் இத்தகைய பொறிகளைப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொண்டுவருவதுண்டு. தாமே விலைகொடுத்து வாங்க நினைக்கும் பெற்றோரும் உளர். அவர்கள் பொதுவாகக் கேட்பவை இரண்டு: எவ்வளவு வேகம் போகும்? எவ்வளவு ஆழம் போகும்? இவ்விரண்டுக்கும் முன்னே கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உளது என்பது நமது கருத்து. “நீரின் நடுவே இப்பொறி நின்றுவிட்டால் நம் பிள்ளை எவ்வாறு கரை சேரும்?” என்பதே அது. இக்கேள்விக்கு விடை கண்ட குடும்பத்தினர் நல்ல பொறியைத் தெரிவு செய்துவிடுவர்; அதனை நன்றாகப் பேணவும் செய்வர்.

போரிற் பிறந்த பொறி

இன்று பிள்ளைகளின் கையில் விளையாட்டுப் பொருளாயிருக்கும் இப்பொறியின் முன்னோர் போர்க்கருவிகள். 1941 டிசெம்பரில் இத்தாலியக் கடற்படை வீரர் அறுவர், நீருக்கடியில் ஓடும் மூன்று பொறிகளின் மேல் இருவர் இருவராக அமர்ந்து, எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துள் இரவிலே புகுந்து, பிரித்தானியாவின் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டைச் சேதப்படுத்தினர். பிரித்தானியரும் அதே வகைப் பொறியை அமைத்தனர். 1944 ஒக்ரோபரில் நமது திருகோணமலையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரென்சன்ற்’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல், அத்தகைய பொறிகள் இரண்டைச் சுமந்து சென்று தாய்லாந்தின் புக்கெற் துறைமுகத்தின் அருகே இறக்கியது. போர் முடிந்தபின், 1950ஆம் ஆண்டுகளில், திமித்ரி ரெபிக்கோஃப் என்பார் கடலடியிற் படம் பிடிப்பதற்காகப் ‘பெகாசஸ்’ என்னும் பொறியை அமைத்தார். 1965இல் வெளிவந்த ‘தண்டர்போல்’ திரைப்படத்தின் கடலடிச் சண்டைக் காட்சிகள் இவ்வகைப் பொறிகளை உலகெங்கும் பிரசித்தப்படுத்தின.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அலெக்சாந்திரியாவில் எடுத்த காரியத்தை முடித்த அவ்வறுவரும் திரும்பிச் செல்ல வழியின்றிப் பிடிபட்டனர். புக்கெற்றிற் சென்ற நால்வரோ காத்திருந்த தம் கப்பலுக்கு மீண்டனர். நீருக்கடியிற் செல்வோருக்குப் போகும் வழியைவிடத் திரும்பும் வழியே பெரிது.

வேகமும் தூரமும்

குடும்பங்களுக்கென விற்கப்படும் பொறிகள் பெரும்பாலும் மணிக்கு 3 முதல் 6 கிலோமீற்றர் வரை செல்வன. கரையில் நடக்கும் மனிதனின் வேகம் அது. இதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டியதில்லை. நீரின் தடை காற்றின் தடையைவிட மிகப் பெரிதாதலின், நீருள் அந்த வேகமே பறப்பது போலத் தோன்றும்.

இனி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 3 கிலோமீற்றர் செல்லும் பொறியின் பற்றறி 40 நிமிடம் ஓடும் எனக் கொள்வோம். பாதி நேரம் போவதற்கு, பாதி நேரம் வருவதற்கு என எண்ணி 20 நிமிடம் நேரே கடலுட் சென்றால், கரையிலிருந்து 1 கிலோமீற்றர் தூரத்தில் இருப்போம். அங்கே பொறி நின்றுவிட்டால், மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் நீந்தக்கூடிய ஒருவர் கரை சேர 40 நிமிடம் இடைவிடாது நீந்த வேண்டும். பொறியையும் இழுத்துக்கொண்டு, அலையையும் எதிர்த்து, ஒரு சிறுவனால் அது இயலுமா?

ஆதலின், குகை நீரிற் சுழியோடுவோர் கைக்கொள்ளும் மூன்றிலொரு பங்கு விதியை நாமும் கைக்கொள்ளலாம். பற்றறியின் ஆற்றலில் ஒரு பங்கு போவதற்கு. ஒரு பங்கு வருவதற்கு. எஞ்சிய பங்கு எதிர்பாராத இடருக்கு. பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் புதிய பற்றறியைக் கொண்டு, குறைந்த வேகத்தில் ஓட்டி அளந்ததாகும் என்பதையும் மறத்தலாகாது.

குடும்பத்தினருக்கு இதனினும் எளிதான விதி ஒன்று உண்டு. வீட்டில் நீச்சலில் மிகவும் குறைந்தவர் எவரோ, அவரே அளவுகோல். அவர் களைப்பின்றி 100 மீற்றர் நீந்துவாராயின், அவர் பொறியோடு செல்லும் தூரம் கரையிலிருந்து 50 மீற்றரைத் தாண்டலாகாது. கடலை நோக்கி நேரே செல்லாது, கரைக்கு இணையாகப் போய் வருவது மிகவும் நன்று. நீந்தவே தெரியாத பிள்ளைக்குப் பொறியை வாங்குமுன் நீச்சலைப் பழக்குக.

மிதக்குமா, தாழுமா?

கையை விட்டவுடன் பொறி தானே நிற்க வேண்டும். நின்றபின் மேலெழுந்து மிதக்க வேண்டும். குடும்பப் பொறியின் முதல் இலக்கணம் இது. தாழ்ந்து போகும் பொறியைப் பிள்ளை துரத்திச் செல்லும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இதிலும் மாணவர்கள் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உளது. ஒரு லீற்றர் நன்னீரின் நிறை ஏறக்குறைய 1 கிலோ. ஒரு லீற்றர் கடல்நீரின் நிறையோ ஏறக்குறைய 1.025 கிலோ. 8 லீற்றர் பருமனும் 8.1 கிலோ நிறையும் உடைய ஒரு பொறி கடலில் 8.2 கிலோ நீரை விலக்கும், ஆகவே மிதக்கும். அதே பொறி நீச்சற் குளத்தின் நன்னீரில் 8 கிலோ நீரையே விலக்கும், ஆகவே தாழும். சில பொறிகளுடன் கழற்றிப் பூட்டத்தக்க மிதவையோ, பாரக்கட்டியோ வருவது இதன் பொருட்டே. கடலில் மிதந்த பொறியை மறுநாள் குளத்தில் இறக்குவோர், இடுப்பளவு நீரில் அதனை முதலிற் சோதித்தல் வேண்டும்.

விசிறியும் விசையும்

விசிறியின் முன்னும் பின்னும் நெருக்கமான கம்பி வலையோ பிளாஸ்ரிக் வலையோ இருத்தல் அவசியம். சிறுவனின் விரல் அதன் இடைவெளியில் நுழையுமாயின் அப்பொறி நமக்கு ஆகாது. வலை இருந்தாலும் நீண்ட கூந்தலை விசிறி உள்ளே இழுக்கக்கூடும். பெண்பிள்ளைகள் கூந்தலைப் பின்னி முடிந்து, தலையோடு ஒட்டிய தொப்பி அணிதல் நன்று. துப்பட்டா, தொங்கும் நாடா, கழுத்துச் சங்கிலி முதலியன கரையிலேயே இருக்கட்டும்.

இரு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே ஓடும் பொறி, ஒரு கையால் ஓடுவதைவிடப் பாதுகாப்பானது. வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் கூடிய வசதி இருந்தால் பழகுவோருக்கு உதவும். பெட்டியில் எந்த வயதினருக்கு உரியது எனக் குறித்திருப்பதை விற்பனைத் தந்திரமென்று எண்ணி ஒதுக்கலாகாது. தெரிவு செய்யும் பொறியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே தூக்கிக் கரைக்குக் கொண்டுவர முடியுமா எனவும் பார்க்க. தூக்க முடியாத பொறி இரண்டாம் முறை கடலுக்குப் போவது அரிது.

இருவகைப் பற்றறிகள்

இப்பொறிகளில் இருவகைப் பற்றறிகள் உள. பழைய, மலிவான பொறிகளில் ஈயப் பற்றறி இருக்கும். பாரமானது, ஆயினும் விலை குறைந்தது. புதிய பொறிகளில் லிதியம் அயன் பற்றறி இருக்கும். இலேசானது, அதிக நேரம் ஓடுவது.

வெளிநாட்டிலிருந்து விமானத்திற் கொண்டுவருவோர் லிதியம் பற்றறியின் அளவை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். வோல்ற்றை அம்பியர்-மணியாற் பெருக்கினால் வாற்-மணி கிடைக்கும். 11.1 வோல்ற், 11 அம்பியர்-மணி என்றிருந்தால் அது ஏறக்குறைய 122 வாற்-மணி. விமானப் பிரயாண விதிகளின்படி, 100 வாற்-மணி வரை பொதுவாகத் தடையில்லை; 100க்கு மேல் 160 வரை விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும்; 160க்கு மேற்பட்டதைப் பிரயாணி கொண்டுசெல்ல முடியாது. பொறியிலிருந்து கழற்றிய பற்றறியைக் கைப்பையிலேயே கொண்டுவரல் வேண்டும். பரிசு கொண்டுவரும் மாமாவுக்கு இதை முன்கூட்டியே எழுதிவிட்டால், விமான நிலையத்தில் அவர் மனம் வருந்த நேராது.

ஆழம் யாருடையது?

“40 மீற்றர் ஆழம் தாங்கும்” எனப் பெட்டியில் எழுதியிருக்கலாம். அந்த ஆழம் பொறிக்கு உரியது. அதைப் பிடித்திருப்பவருக்கு உரியதன்று. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் நீரின் அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. இரண்டு மூன்று மீற்றர் இறங்கியவுடனேயே காது வலிப்பது இதனால்தான். கைகால்களை அடித்து மெல்ல இறங்குபவர் காதைச் சரிசெய்துகொள்ள அவகாசம் பெறுவர். பொறி இழுத்துச் செல்பவருக்கு அந்த அவகாசம் இராது. மூக்கைப் பொத்தி மெல்ல ஊதிக் காதைச் சரிசெய்ய வேண்டும். வலி தோன்றினால் உடனே மேலே வர வேண்டும். தடிமன் பிடித்திருப்பவர் அன்று கீழே இறங்கலாகாது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் போகும் பந்தயம் பிள்ளைகளுக்கு மிகவும் பிரியமானது. மிகவும் அபாயமானதும் அதுவே. வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு இறங்கினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடும். மூச்சு வேண்டும் என்னும் உணர்ச்சியை எழுப்புவது அவ்வாயுவே. அவ்வுணர்ச்சி தோன்றுமுன்னரே ஒட்சிசன் குறைந்து, சத்தமின்றி மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்துவோரும் இவ்வாறு உயிரிழந்திருக்கின்றனர்.

காற்றுக்கலம் பூட்டிச் சுழியோடுவது தனிப்பயிற்சி பெற்றோருக்கே உரியது. அவர்கள் மேலே வருகையில் மூச்சைப் பிடித்திருத்தலாகாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 மீற்றர் வேகத்துக்கு மேற்படாது எழ வேண்டும் என்று கற்பிக்கப்படுகின்றனர். மணிக்கு 3 கிலோமீற்றர் செல்லும் பொறி நிமிடத்துக்கு 50 மீற்றர் போகும். அதைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி விரைவது எத்தகைய ஆபத்து என்பதை மாணவர்களே கணித்துக்கொள்க. முகமூடியும் மூச்சுவிடும் குழாயும் அணிந்து, நீர்மட்டத்தில் மிதந்தபடியே கீழே பார்த்துச் செல்வது குடும்பத்தினருக்குப் போதுமானது. முருகைக்கற்களின் அழகிற் பெரும்பகுதி ஒளி நிறைந்த ஆழமற்ற நீரிலேயே உள்ளது.

எங்கே, எப்போது?

வாடைக்காற்று வீசும் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சோழகம் வீசும் காலத்தில் தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும். ஆகவே நிலாவெளி முதலிய கிழக்குக் கரைகளுக்கு மே முதல் செப்ரெம்பர் வரையும், ஹிக்கடுவை முதலிய தென்மேற்குக் கரைகளுக்கு டிசெம்பர் முதல் மார்ச் வரையும் ஏற்ற காலமெனலாம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இலும், ஹிக்கடுவை முருகைக்கற் பகுதி 2002இலும் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அங்கே பொறியை இறக்குமுன் வனவிலங்கு அதிகாரிகளிடம் அனுமதி உண்டா என்று கேட்டறிதல் கடன். எங்கு சென்றாலும் முருகைக்கல்லைத் தொடுவதும், ஆமையைத் துரத்துவதும், விசிறியால் அடிமணலைக் கிளறுவதும் தகாத செயல்கள். 1998இல் கடல்நீர் சூடேறியமையால் நமது முருகைக்கற்கள் பெருமளவு வெளிறி மடிந்தன. எஞ்சியவற்றைக் காப்பது நமது பொறுப்பு.

கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தின் வேகம் சில வேளைகளில் செக்கனுக்கு 2 மீற்றரையும் தாண்டும். அது மணிக்கு 7 கிலோமீற்றருக்கும் அதிகம். மணிக்கு 5 கிலோமீற்றர் போகும் பொறி அதனை எதிர்த்து வெல்லாது. அதில் அகப்பட்டவர் பொறியைக் கரைக்கு நேரே திருப்பாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டிற் செலுத்தி, இழுப்பு நின்றபின் கரையை நோக்க வேண்டும். அன்றைய கடலின் போக்கை அறிய அவ்வூர் மீனவரிடம் கேட்பதைவிடச் சிறந்த வழியில்லை. மீன்பிடி வள்ளங்கள் போகும் பாதையை விட்டு விலகி, ஒளிரும் நிறமுள்ள மிதவையொன்றைக் கயிற்றாற் பிணைத்துச் செல்லல் வேண்டும். கயிறு விசிறியிற் சிக்காதவாறும் பார்த்துக்கொள்க. பிள்ளையின் அருகில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.

கடலிலிருந்து வந்தபின்

இப்பொறியைக் கெடுப்பது உப்பு. கடல்நீர் உலர்ந்ததும் உப்பு மணிகளாகி, விசையிலும் அச்சிலும் மூடியின் விளிம்பிலும் படிந்து, றப்பரை உராய்ந்து தேய்க்கும், உலோகத்தை அரிக்கும். ஆகவே கரைக்கு வந்தவுடன், மூடியைத் திறவாது, நன்னீர் நிறைந்த தொட்டியிற் பொறியைச் சிறிது நேரம் ஊறவிடுக. நீருக்குள்ளேயே சில செக்கன்கள் ஓட்டினால் விசிறியின் அச்சிலுள்ள உப்பும் கழுவப்படும். உவர்க் கிணற்று நீர் இதற்கு உதவாது. குடிக்கத்தக்க நீரே வேண்டும்.

விசிறியைக் கழற்றத்தக்க பொறியாயின், அச்சிற் சுற்றியிருக்கும் தூண்டில் நரம்பு, வலைநூல், தலைமயிர் ஆகியவற்றை எடுத்துவிடுக. மெல்லிய நரம்பே நாளடைவில் அச்சின் அடைப்பை அறுத்து நீரை உள்ளே விடும். இவ்வேலைக்கு முன் பற்றறியைக் கழற்றிவிட வேண்டும்.

பொறி நன்றாகத் துடைத்து உலர்ந்த பின்னரே மூடியைத் திறக்கலாம். மூடியைச் சுற்றியுள்ள றப்பர் வளையமே இப்பொறியின் உயிர்நாடி. ஒரு மணற்பருக்கையோ ஒரு மயிரோ அதன்மேற் கிடந்தால் போதும்; கடல் உள்ளே வந்துவிடும். வளையத்தை விரலாலே எடுத்து, பஞ்சுநூல் படியாத துணியாலே துடைத்து, வெடிப்பு உளதா என்று வெளிச்சத்திற் பார்த்து, சிலிக்கோன் கிறீஸை மெல்லியதாகத் தடவி மீண்டும் பொருத்துக. கத்தி, ஊசி கொண்டு நெம்பலாகாது. கிறீஸ் அதிகமானால் மணலை ஈர்க்கும். மோட்டார் வண்டிக் கிறீஸ் றப்பரை ஊதச் செய்யும். புதிய வளையம் இரண்டை வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது விவேகம். அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் பொறியை வாளி நீரில் அமிழ்த்திப் பாருங்கள். தொடர்ந்து குமிழிகள் எழுந்தால் எங்கோ துவாரம் உண்டு.

மின்னேற்றமும் சேமிப்பும்

பற்றறிக்கு மின்னேற்றும்போது இரு கைகளும், துவாரங்களும் ஈரமின்றி இருக்க வேண்டும். ஈயப் பற்றறி மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிப்படலாம். மூடிய பொறியினுள் அது தேங்கினால் ஒரு பொறி நெருப்பே வெடிக்கச் செய்யப் போதும். ஆகவே மூடியைத் திறந்துவைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் மின்னேற்றுக. லிதியம் பற்றறியைச் சீமெந்துத் தரையில் வைத்து, வீட்டார் விழித்திருக்கும் வேளையில் மின்னேற்றுக; கட்டில், மெத்தை, திரைச்சீலை அருகில் ஆகாது. ஊதிய பற்றறியையும், உள்ளே கடல்நீர் புகுந்த பற்றறியையும் ஒருபோதும் மின்னேற்றலாகாது. அவற்றை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருளற்ற இடத்தில் வைத்து, மின்கழிவு ஏற்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பல மாதம் பாவிக்காது வைப்பதில் இவ்விரு பற்றறிகளின் இயல்பும் நேர்மாறானது. ஈயப் பற்றறியை நிறைய மின்னேற்றியே வைத்து, இடையிடையே மீண்டும் ஏற்ற வேண்டும். வெறுமையாய்க் கிடந்தால் அது மடிந்துவிடும். லிதியம் பற்றறியைப் பாதியளவு மின்னோடு, குளிர்ந்த நிழலில் வைத்து, சில மாதங்களுக்கொருமுறை பார்க்க வேண்டும். முழுமையாக நிரப்பி வெப்பத்தில் வைத்தால் அதன் ஆயுள் குறையும். வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டிக்குள் இரண்டையும் விட்டுவைத்தல் ஆகாது.

இவ்வேலைகளைப் பெற்றோரே செய்து முடிக்காமற் பிள்ளைகளிடம் பகிர்ந்தளிப்பது நன்று. ஒருவர் கழுவ, ஒருவர் வளையத்தைப் பார்க்க, ஒருவர் மின்னேற்றிய நாளைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதட்டும். தன் கையாலே வளையத்தைத் துடைத்துப் பூட்டிய பிள்ளை, பொறி எதனால் ஓடுகிறது, எதனால் நின்றுபோகலாம் என்பதை அறியும். அவ்வாறு அறிந்த பிள்ளை கடலிலே கரையைத் திரும்பிப் பார்க்க மறவாது. நீலக் கடலின் அடியிலே காணும் அதிசயங்களை, இரவுச் சாப்பாட்டின்போது வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து பேசி மகிழ வேண்டும். பொறியை வாங்குவது அதற்காகத்தானே!